பாதையை அடைத்தால் புற்று சாகுமா?

வாய்ப்புற்றுநோய் பற்றிய எந்தக் கருத்தரங்கில் போய் உட்கார்ந்தாலும் ஒரே படம்தான் திரையில் விழுகிறது. மேலே செல்லின் சவ்வு, அதில் குத்திட்டு நிற்கும் ஏற்பிகள், அங்கிருந்து கீழிறங்கும் அம்புக்குறிகள்: ஈஜிஎஃப்ஆர், ராஸ், பிஐ3கே, ஏகேடி, எம்டார். கடைசி அம்பு போய் முட்டும் இடத்தில் ‘செல் பெருக்கம்’ என்று எழுதியிருக்கும். பேசுபவர் நடுவில் ஏதோ ஓர் அம்பின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போடுவார். அவ்வளவுதான், புற்று அடங்கிவிட்டது. கைதட்டல்.

பாதையை அடைத்தால் போதும் என்னும் இந்தப் பாதைக் கட்சியைச் சிரித்துத் தள்ளுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. அதன் வாதம் வலுவானது. வலுவான வடிவிலேயே அதை எடுத்துக்கொள்கிறேன். புற்றுசெல் பெருக ‘வளர்’ என்றொரு கட்டளை வேண்டும். அந்தக் கட்டளை புரதத்துக்குப் புரதம் கைமாறி உட்கருவுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தக் கைமாற்றுச் சங்கிலிதான் சமிக்ஞைப் பாதை. அதில் ஒரு கண்ணியை மருந்தால் அடைத்துவிட்டால் கட்டளை போய்ச் சேராது. கீமோ மருந்து பெருகும் செல்லையெல்லாம் தாக்கும். வாந்தி வரும், வாய் வெந்துபோகும், சிறுநீரகம் கெடும். பாதையை அடைக்கும் மருந்தோ குறிபார்த்துத் தாக்கும். இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், சில ஆண்டுகளில் ஆளைக் கொன்றுவிடும் நாட்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றை, மாத்திரை போட்டுக்கொண்டே வாழக்கூடிய நோயாக மாற்றிக் காட்டியது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளில் 90 சதவீதம் வரை ஈஜிஎஃப்ஆர் ஏற்பி அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. அது மிகுந்திருப்பவர்களுக்கு நோய் மோசமாகவும் போகிறது. அப்படியானால் அடைக்க வேண்டிய இடத்தை நோயே காட்டிக்கொடுத்துவிட்டதே என்பது பாதைக் கட்சியின் கேள்வி.

காட்டிக்கொடுக்கவில்லை என்பது என் பதில். வாய்ப்புற்றில் ஒரு பாதை மும்முரமாக ஓடுகிறது என்பது கண்டறிந்த உண்மை. புற்று அந்தப் பாதையை நம்பித்தான் உயிர்வாழ்கிறது என்பது இனிமேல்தான் நிறுவ வேண்டிய கூற்று. இரண்டாவதை நிறுவாமலே முதலாவதை மட்டும் வைத்து மருந்து, ஆய்வேடு, நிதி, நோயாளியின் நம்பிக்கை எல்லாவற்றையும் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.9 லட்சம் பேருக்கு உதட்டிலும் வாயிலும் புற்று புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அதில் 1.4 லட்சத்துக்கு மேல் இந்தியாவில். இந்தத் தர்க்கப் பிழையின் விலையை மிகுதியும் கொடுப்பவர்கள் யார் என்பதற்கு அந்த எண்ணே போதும்.

1. இமாட்டினிப்பைக் காட்டி வாய்ப்புற்றுக்கு வாக்குக் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. மைலாய்டு ரத்தப்புற்று ஒரே ஒரு விபத்தில் பிறக்கும் நோய். இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒட்டுப் புரதம் உருவாகிறது. நோயை முடுக்குவது அதுதான். அதை அடைத்தால் நோய்க்கு வேறு போக்கிடம் இல்லை. வாய்ப்புற்று அப்படிப் பிறப்பதில்லை. இருபது, முப்பது வருடம் புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் ஒரே கன்னத்தில் அதக்கி அதக்கி, செல்லின் மரபணுக்கள் ஒவ்வொன்றாக அடிவாங்கிச் சேர்த்த சேதம் அது. டேன்லி ஸ்லாட்டரும் அவருடைய சகாக்களும் 1953லேயே காட்டினார்கள்: கட்டியைச் சுற்றிலும் பார்வைக்கு நன்றாகத் தெரியும் சவ்வுகூட ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது. வயல் முழுக்க விதை விழுந்திருக்கும்போது ஒரு செடியின் வேர் எது என்று கேட்பதில் பயன் கொஞ்சம்தான்.

எந்த மரபணுக்கள் அடிவாங்குகின்றன? இந்தியாவின் ஈறு, கன்னப் புற்றுகளின் மரபணுத் தொகுதியைக் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாடா நினைவுப் புற்றுநோய் மையத்தின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து படித்து 2013இல் வெளியிட்டன. மேலெழுந்த பெயர்கள் டிபி53, ஃபேட்1, காஸ்பேஸ்8, நாட்ச்1, ஹெச்ராஸ். இன்னும் சில புதியவை. 2015இல் வந்த அமெரிக்கப் புற்று மரபணு வரைபடம் 279 தலை, கழுத்துக் கட்டிகளைப் பார்த்தது. ஹெச்பிவி வைரஸ் தொற்று இல்லாதவற்றில் ஐந்தில் நான்குக்கு மேல் டிபி53 கெட்டிருந்தது. பாதிக்கு மேல் சிடிகேஎன்2ஏ தொலைந்திருந்தது. இந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெரும்பாலானவை வளர்ச்சியைக் கட்டுக்குள் வைத்திருந்த மரபணுக்கள், அவை போய்விட்டன. மருந்தால் அடைக்கக்கூடியது இருக்கும் புரதத்தைத்தான். இல்லாமல் போனதை எதைக் கொண்டு அடைப்பது?

பாதைக் கட்சிக்கு இங்கே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. ஹெச்ராஸ் மாறிப்போன தலை, கழுத்துப் புற்றுகளுக்கு டிபிஃபார்னிப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த முடிவு 2021இல் வெளியானது. அந்த மாற்றம் கட்டியில் மிகுதியாக இருந்த, மதிப்பிட முடிந்த 20 பேரில் 11 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த மாற்றம் உள்ளவர்கள் நூற்றுக்குச் சுமார் 4 முதல் 8 பேர். அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுங்கள், நானும் கைதட்டுகிறேன். மீதித் தொண்ணூற்றுச் சொச்சம் பேரிடம் இந்தச் சாட்சியை நீட்டாதீர்கள்.

2. அடைத்துப் பார்த்தாயிற்று; திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. இந்தக் கட்சியின் மிகப் பெரிய சங்கடம் இதுதான், இதைத்தான் அது மேடையில் பேசுவதே இல்லை. ஈஜிஎஃப்ஆர் பாதை ஏதோ நாளைக்கு வரப்போகும் வாய்ப்பு என்பது போன்ற தோரணை! இருபது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட கருதுகோள் அது.

ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் மருந்துகளை வரிசையாகப் பாருங்கள். ஜெஃபிட்டினிப்: நோய் திரும்பிய 486 பேரிடம் பழைய மெத்தோட்ரெக்சேட்டோடு ஒப்பிட்டார்கள். 2009இல் வந்த முடிவில், இரண்டு அளவுகளில் ஜெஃபிட்டினிப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 5.6 மாதமும் 6.0 மாதமும். மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்களுக்கு 6.7 மாதம். அஃபாட்டினிப்: 2015இல், நோய் முற்றாமல் இருந்த காலம் 1.7 மாதத்திலிருந்து 2.6 ஆனது, ஆயுள் கூடவில்லை. லாப்பாட்டினிப்: அறுவைக்குப் பின் 688 பேரிடம் கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டினோடு சேர்த்துக் கொடுத்தார்கள், பலன் இல்லை, பக்கவிளைவு மிச்சம். சிஸ்பிளாட்டினும் கதிர்வீச்சும் பெறுபவர்களுக்கு செட்டுக்சிமாப்பையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் 891 பேரிடம் பார்த்தார்கள். 2014இல் விடை வந்தது: ஒன்றும் ஆகாது. பிறகு, சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாகவே செட்டுக்சிமாப்பைக் கொடுத்தால் நச்சு குறையுமே என்று தொண்டைப் புற்றில், ஹெச்பிவி உள்ளவர்களிடம், முயன்றார்கள். 2018இல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லின: இறப்பு கூடுகிறது.

வெற்றிகளும் இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை. செட்டுக்சிமாப்பின் புகழ் 2006இல் வந்த ஓர் ஆய்வில் தொடங்குகிறது. 424 பேர், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்கள் 29.3 மாதம், செட்டுக்சிமாப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் 49 மாதம். வாய்ப்புற்று பற்றிய ஆய்வேடுகளின் முன்னுரைகளில் இந்த 49 மாதம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டவை வாய்த்தொண்டை, கீழ்த்தொண்டை, குரல்வளைப் புற்றுகள். கன்னம் இல்லை. ஈறு இல்லை. வாய்க்குள் இருக்கும் முன்நாக்கு இல்லை. எதிர் அணிக்குக் கொடுத்ததும் வெறும் கதிர்வீச்சு. அப்போதே பலனளிப்பதாகத் தெரிந்திருந்த சிஸ்பிளாட்டின் அங்கே இல்லவே இல்லை. வேறு இடத்து நோயில், பலவீனமான எதிரியை வைத்துப் பெற்ற வெற்றி, கன்னப் புற்று நோயாளியின் கோப்புக்குள் எப்படி வந்தது? ‘தலை, கழுத்து’ என்ற பெரிய பையில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டியதால் வந்தது. 2008இல் வந்த இன்னொரு ஆய்வில் நோய் திரும்பியவர்களுக்குக் கீமோவோடு செட்டுக்சிமாப் சேர்த்தபோது 7.4 மாதம் 10.1 ஆனது. இதில் வாய்ப்புற்றும் இருந்தது. இது உண்மையான பலன். இரண்டரை மாதத்துக்குச் சற்றுக் கூடுதல். கியூபாவில் பிறந்து இந்தியாவில் 2006 முதல் விற்பனையில் இருக்கும் நிமோட்டுசுமாப்பை டாடா மையம் 536 பேரிடம் சோதித்தது. சிஸ்பிளாட்டின், கதிர்வீச்சோடு சேர்த்தபோது நோய் கட்டுப்பட்டிருந்த காலம் கூடியது. ஆயுள் கூடியதாக உறுதிப்படவில்லை. பாதைக் கட்சியின் இந்தியக் கணக்கில் வைக்க வேண்டிய நல்ல வரவு இதுவே. அதன் அளவும் இதுவே.

இன்னும் நேரடியான சோதனை ஒன்று உண்டு, அதைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை. பாதைக் கொள்கை எங்காவது வென்றே தீர வேண்டுமென்றால் அது புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையில்: வெள்ளைப் படலம் விழுந்த வாய், சேதம் இன்னும் குறைவு, எதிர்ப்பு வளர நேரமில்லை. எர்லோட்டினிப்பை வைத்து அமெரிக்காவில் அதைத்தான் செய்தார்கள். மரபணுச் சோதனை செய்து, புற்றாகும் அபாயம் மிகுந்த 150 பேரைத் தேர்ந்தெடுத்து, பாதிப்பேருக்கு எர்லோட்டினிப், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. 2016இல் முடிவு: மூன்றாண்டு முடிவில் வாய்ப்புற்று வராமல் இருந்தவர்கள் எர்லோட்டினிப் அணியில் 70 சதவீதம், வெற்று மாத்திரை அணியில் 74 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, ஈஜிஎஃப்ஆர் மரபணுப் பிரதிகள் மிகுந்திருந்தவர்களுக்குப் புற்று அதிகம் வந்தது என்ற கணிப்பு பலித்தது. அவர்களுக்கும்கூட அதை அடைக்கும் மருந்து உதவவில்லை. ஏற்பி நோயின் முகத்தைக் காட்டியது; அதன் கழுத்தைப் பிடிக்கக் கொடுக்கவில்லை. அபாயத்தைச் சொல்லும் அடையாளம் வேறு, நோயை நடத்தும் காரணம் வேறு என்பதற்கு வாயிலிருந்தே கிடைத்த நிரூபணம் இது.

3. பாதை என்ற படமே பாதிப் பொய். அம்புக்குறி ஒரு வழிச் சாலை போல் கீழே இறங்குகிறது. செல்லுக்குள் நடப்பது அப்படியில்லை. எம்டார் புரதம் வேலை செய்யும்போது, எஸ்6கே என்ற தன் ஏவலாள் மூலம் மேலே இருக்கும் பிஐ3கே பாதையைத் தானே மட்டுப்படுத்திக்கொண்டும் இருக்கிறது. எம்டாரை மருந்தால் அடைத்தால் அந்த மட்டுப்படுத்தலும் சேர்ந்து போய்விடும். ஏகேடி முன்னிலும் வேகமாக ஓடும். ஈஜிஎஃப்ஆரை அடைத்தால் மெட், ஹெர்3, ஆக்சல் போன்ற வேறு ஏற்பிகள் அதே கட்டளையை வேறு வழியாக உள்ளே அனுப்புகின்றன. இவையெல்லாம் பாதை ஆராய்ச்சியாளர்களே கண்டுபிடித்தவை. அவர்கள் கண்டதைக் கருத்தரங்குப் படம்தான் காணவில்லை.

இதைவிடக் கடுமையான பாடம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. மெலனோமாவுக்குக் கொடுக்கும் வெமுராஃபெனிப், பிராஃப் புரதத்தைத் துல்லியமாகத் தாக்கும் மருந்து. அதை எடுத்துக்கொண்டவர்களில் கணிசமானோருக்குத் தோலில் செதிள்செல் புற்று முளைத்தது. ராஸ் ஏற்கெனவே மாறிப்போயிருந்த தோல் செல்களில் அந்த மருந்து பாதையை அடைப்பதற்குப் பதில் முடுக்கிவிட்டது. அல்சைமர் நோய்க்காகச் சோதித்த செமகசெஸ்டாட் நாட்ச் பாதையையும் சேர்த்து அடைத்தது. சோதனையில் தோல் புற்றுகள் கூடின. ரத்தப்புற்று ஒன்றில் நாட்ச் வளர்ச்சியைத் தூண்டுகிறது. செதிள்செல் திசுவில் அதே நாட்ச் வளர்ச்சியைக் கட்டுகிறது. வாய்ப்புற்றில் நாட்ச்1 தொலைந்துபோவது ஏன் என்று இப்போது புரிகிறதா? வாய்ப்புற்றும் செதிள்செல் புற்றுதான். ஆகவே ‘எக்ஸ் பாதை புற்றைத் தூண்டுகிறது, அடைக்கலாம்’ என்று எழுதுபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்தத் திசுவில்?

‘ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கிறதா, இரண்டையும் சேர்த்து அடைப்போம்’ என்பது வழக்கமான மறுமொழி. வாயின் நல்ல சவ்வும் குடலும் தோலும் இதே ஈஜிஎஃப்ஆரை வைத்துத்தான் நாள்தோறும் தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஒரு மருந்துக்கே முகமெல்லாம் பருபோல வெடிப்பு, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண். கதிர்வீச்சில் வெந்து, மூக்குக் குழாய் வழியே கஞ்சி போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கு இரண்டு, மூன்று அடைப்பான்களைக் கொடுப்பதாகச் சொல்பவர், குறிபார்த்த சிகிச்சை என்ற பெயரை முதலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

4. எந்தச் செல்லில் சோதித்தீர்கள்? இதைக் கேட்டால் அறையில் ஒரு சங்கடமான அமைதி வரும், வர வேண்டும். இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், தமிழ்நாட்டிலும்தான், குவியும் ஆய்வுகளில் ஒரு வகைக்கு அச்சு ஒன்றுதான். ஏதோ ஒரு மூலிகைச் சாறு. கேபி என்ற செல்வரிசை. மூன்று நாள் கழித்து செல்கள் செத்தன. ஏகேடி குறைந்தது, செல்லைச் சாகத் தூண்டும் பாக்ஸ் புரதம் கூடியது. ஆகவே இது வாய்ப்புற்றுக்கு நம்பிக்கையளிக்கும் மருந்து.

கேபி செல்வரிசை 1950களில் ஹாரி ஈகிள் ஆய்வகத்தில் ஒரு நோயாளியின் வாய்ப்புற்றிலிருந்து எடுக்கப்பட்டதாகப் பெயர் பெற்றது. 1960களிலேயே ஸ்டான்லி கார்ட்லர் நொதிச் சோதனையால் உண்மையை வெளியே கொண்டுவந்தார். கேபி என்ற பெயரில் உலகமெங்கும் வளர்ந்துகொண்டிருந்தவை ஹீலா செல்கள். அதாவது 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டு, வளரும் வேகத்தால் ஆய்வகம் ஆய்வகமாக மற்றச் செல்வரிசைகளுக்குள் புகுந்து அவற்றை அழித்துவிட்ட செல்கள். இது யாரோ கிளப்பிய சந்தேகம் இல்லை. தவறாக அடையாளம் காணப்பட்ட செல்வரிசைகளின் சர்வதேசப் பட்டியலில் கேபி பதிவாகியிருக்கிறது; செல் வங்கிகளும் அப்படியே குறிப்பிடுகின்றன. ஆனாலும் இன்றைக்கும் ‘கேபி, மனித வாய்ப்புற்று செல்’ என்று அச்சாகிறது, வழிகாட்டி கையெழுத்துப் போடுகிறார், பட்டம் கிடைக்கிறது.

இது வெறும் பெயர்க் குழப்பமா? சமிக்ஞைப் பாதையைப் படிக்கிறோம் என்பவருக்கு இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. ஹீலாவில் ஹெச்பிவி 18 வைரஸின் மரபணு இருக்கிறது. அதன் இ6 புரதம் பி53ஐச் சிதைத்துவிடுகிறது. டிபி53 மரபணு நல்லபடியாகவே இருக்கிறது. பாக்குப் போடுபவரின் கன்னப் புற்றில் பெரும்பாலும் வைரஸ் இல்லை, மரபணுவே கெட்டிருக்கிறது. எந்தப் பாதையைப் பற்றிய கேள்வியோ அந்தப் பாதையே இரண்டிலும் வேறு விதமாக உடைந்திருக்கிறது. கருப்பைக் கழுத்துச் செல்லில் கிடைத்த விடையை வாய்க்கு எழுதிவைக்கிறார்கள்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்க்குமின் அடக்காத பாதையே இல்லை என்று காட்டும் ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எல்லாப் பாதையையும் அடக்குகிறது என்பதே சந்தேகத்துக்கு இடம் தர வேண்டாமா? மருந்து வேதியியலாளர்கள் 2017இல் எல்லாத் தரவையும் திரட்டிப் பார்த்துச் சொன்னது கடுமையானது: இந்த மூலக்கூறு பல சோதனை முறைகளில் போலி விளைவு காட்டும் இயல்புடையது, நிலையற்றது, உடலில் உறிஞ்சப்படுவது சொற்பம், இரட்டை மறைப்பு முறையில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் அது வென்றதாக ஒன்றுகூட இல்லை. தட்டில் இருக்கும் செல்மீது ஊற்றும் செறிவு, கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் வருவதில்லை. குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். அதற்கு நான் எதிரியில்லை.

5. ‘கத்தி, கதிர், கீமோ ஆகியவற்றின் காலம் முடிந்துவிட்டது’ என்ற வசனம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வாய்ப்புற்றில் கடந்த இருபது ஆண்டில் அதிக உயிரைக் காத்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், ஒரு பழைய கத்தியை எப்போது எடுப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடையைச் சொல்வேன். கழுத்தில் நெறிக்கட்டி தென்படாத ஆரம்பநிலை வாய்ப்புற்றுக்கு, வாயிலுள்ள கட்டியை எடுக்கும்போதே கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட வேண்டுமா, கட்டி வந்தபின் எடுத்தால் போதுமா? அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் வாதாடிய விஷயம். டாடா மையத்தில் அனில் டிக்ரூஸ் குழு சோதித்து 2015இல் சொன்னது: முன்கூட்டியே எடுத்தவர்களில் மூன்று ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். எட்டுப் பேருக்குச் செய்தால் ஓர் உயிர். எந்த அடைப்பான் மருந்து வாய்ப்புற்றில் இதன் பக்கத்தில் வந்திருக்கிறது?

கீமோவும் அப்படியே. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் கன்னப் புற்றுக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபோது ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியை யாரும் அடையாளம் கண்டிருக்கவில்லை. சேர்த்துக் கொடுப்பது என்ற அந்த எண்ணம் இன்றும் நிற்கிறது. உடல்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு வாராவாரம் 30 மில்லிகிராமா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராமா என்ற, படத்தில் போட முடியாத ஒரு கேள்வியை டாடா மையத்தில் 300 பேரிடம் கேட்டு 2018இல் விடை கண்டார்கள். இரண்டாண்டில் நோய் அதே இடத்தில் திரும்பாமல் இருந்தவர்கள் வாராந்திர அணியில் 58.5 சதவீதம், மற்றதில் 73.1 சதவீதம். சிஸ்பிளாட்டின் என்ற ஒரே பழைய மருந்து. அதன் அளவும் இடைவெளியும் மட்டும் வேறு.

இங்கே பாதைக் கட்சி எழுந்து நின்று ஒரு நல்ல கேள்வி கேட்கும்: மும்பையில் ஏழை நோயாளிகளுக்குக் கொடுக்கும் மாத்திரைக் கூட்டில் எர்லோட்டினிப்பும் செலகாக்சிப்பும் இருக்கின்றனவே, அவை பாதை மருந்துகள்தானே? இருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட்டும் செலகாக்சிப்பும் மாத்திரையாகக் கொடுத்து, ஊசிவழி சிஸ்பிளாட்டினோடு 422 பேரிடம் ஒப்பிட்டபோது இடைநிலை ஆயுள் 7.5 மாதம், சிஸ்பிளாட்டினுக்கு 6.1. மலிவான மாத்திரை, வீட்டிலேயே சாப்பிடலாம், ஆயுளும் குறையவில்லை, கூடியது. இதை நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எர்லோட்டினிப்பும் சேர்ந்த மூன்று மாத்திரைக் கூட்டில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம்தான். அதோடு நிவோலுமாப்பை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தபோது அது 43.4 ஆனது. நிவோலுமாப் கட்டியின் வளர்ச்சிப் பாதையைத் தொடுவதே இல்லை. நோயெதிர்ப்புச் செல்களின் கட்டை அவிழ்க்கிறது. அதுவும் சமிக்ஞைதானே என்று வாதிடலாம். உடம்பில் நடக்கும் எல்லாமே சமிக்ஞைதான். அப்படி விரித்தால் பாதைக் கட்சி எதையும் சொல்லாத கட்சியாகிவிடும்.

அந்தச் சின்ன அளவு ஏன் முயலப்பட்டது? அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லும் மருந்துத் திட்டங்கள் ஏழை நாடுகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்குத்தான் எட்டுகின்றன என்று அந்த ஆய்வறிக்கையே சொல்கிறது. விலையைக் கணக்கில் எடுக்காத சிகிச்சைக் கொள்கை இந்த நாட்டு வாய்ப்புற்றைப் பற்றிப் பேசவே இல்லை.

6. பாதை தெரிந்த பிறகும் பாக்கைத் துப்பச் சொல்வதுதான் மருந்து. பாதைக் கட்சியின் சொந்த மைதானத்திலேயே இதைக் காட்டலாம். வாய் திறக்க முடியாமல் கன்னம் இறுகிப்போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் நோயில் என்ன நடக்கிறது என்று அழகாகத் தெரியும். பாக்கிலுள்ள அரிக்கோலின் டிஜிஎஃப்-பீட்டா பாதையை முடுக்குகிறது, கொல்லாஜன் குவிகிறது. பாக்கிலுள்ள செம்பு அந்தக் கொல்லாஜனை இறுக்கிப் பிணைக்கும் நொதிக்கு வலுவூட்டுகிறது. கேரளத்தில் இந்த நோயுள்ளவர்களை 17 ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது 7.6 சதவீதத்தினருக்குப் புற்று வந்தது. வாய்ப்புற்றுத் துறையில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பாதை வேறு இல்லை எனலாம். அதை அடைக்கும் மருந்து எங்கே? டிஜிஎஃப்-பீட்டா தொடக்கத்தில் புற்றைக் கட்டும், பின்னால் அதை வளர்க்கும். எந்த நாளில் அடைப்பது என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. கடைச்சரத்தில் தொங்கும் பாக்குப் பொட்டலத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

வாயைத் திறந்து பார்ப்பது என்ற தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடுவீடாகப் போய்க் கைவிளக்கில் வாயைப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. 

‘அப்படியானால் அடிப்படை ஆராய்ச்சியை நிறுத்திவிடலாமா?’ என்று கேட்பவர்கள் நான் சொல்லாததை மறுக்கிறார்கள். டிபிஃபார்னிப் அடிப்படை ஆராய்ச்சியில் பிறந்தது. ஈஜிஎஃப்ஆரோடு எல்ஜிஆர்5 என்ற இன்னொரு குறியையும் சேர்த்துப் பிடிக்கும் பெட்டோசெம்டமாப், நோயெதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது தொடக்க ஆய்வுகளில் கணிசமானோருக்குக் கட்டியைச் சுருக்கியிருக்கிறது. பெரிய ஆய்வுகளுக்குப் போயிருக்கிறது. வெல்லட்டும். நான் கேட்பது சில்லறை விஷயங்கள். ஆய்வேட்டை ஏற்கும் பல்கலைக்கழகம், செல்வரிசைக்கு டிஎன்ஏ அடையாளச் சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது. நிதி கேட்பவர், அந்தப் பாதை ஓடுகிறது என்பதோடு நிற்காமல், அதை நிறுத்தினால் பாக்கு, புகையிலையால் வந்த நம் ஊர்க் கட்டியிலிருந்து எடுத்த செல் சாகிறது என்றும் காட்ட வேண்டும். மருந்தை விற்க வரும் நிறுவனம் ‘தலை, கழுத்து’ என்ற மூட்டையைப் பிரித்து, கன்னம், ஈறு, நாக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை போட்டு, கட்டி சுருங்கிய விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே உயிரோடு இருந்த மாதங்களையும் ஒரு மாதத்து மருந்தின் விலையையும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.